அம்மாவுக்கு உரியதை ஆலயத்துக்குக் கொடுக்கலாமா?

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 47 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். தனியார் பள்ளியில் ஆசிரியை, மாதச் சம்பளம் 32,000 ரூபாய். கணவர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். ஒரே மகள், 19 வயது, கல்லூரியில் படிக்கிறாள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்த இவர், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் வீட்டாரின் பெந்தெகொஸ்தே சபையில் ஞானஸ்நானம் எடுத்தார். சபை வழக்கப்படி அன்று கழற்றிய தோட்டையும் வளையலையும் 22 வருடமாகத் திரும்பப் போடவில்லை. காலை 4 மணிக்கு ஜெபம், வெள்ளிக்கிழமை தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம், சம்பளம் வந்ததும் முதல் வேலையாக அதில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகம். ஒன்றும் தவறியதில்லை.

இவருடைய தங்கை 9 வருடத்துக்கு முன் வேறு சாதியைச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரும் கிறிஸ்தவர்தான். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. அப்பா இறந்த பிறகு அம்மா தங்கையோடு போய் இருந்துவிட்டார். இந்த வருடத் தொடக்கத்தில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்தும் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார். பார்த்துக்கொள்ள வரும் பெண்ணுக்கு மாதம் 15,000 ரூபாய். தங்கை போன் செய்து, "மாசம் 3,000 குடுக்க முடியுமா அக்கா?" என்று கேட்டிருக்கிறார். கையில் மிஞ்சுவது தசமபாகப் பணம் மட்டுமே. "அது கர்த்தருடைய பணம், அதைத் தொட்டால் சாபம் வரும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் இவர். பக்கத்தில் இருந்த மகள், "பாட்டியைப் போய்ப் பாக்காத உனக்கு எதுக்கும்மா இவ்வளவு ஜெபம்?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் காதில் சின்னத் தோடு போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு சபைக்கு வருவதில்லை.

"நான் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்கிறேன். அப்படியும் ஏன் எனக்குச் சமாதானம் இல்லை? தசமபாகத்தை அம்மாவுக்குக் கொடுத்தால் பாவமா? மகளைத் தோட்டைக் கழற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாமா?" இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பள்ளிக்கூட நோட்டுத் தாளில், கோடு தாண்டாத கையெழுத்தில், பதினொரு பக்கம். அதில் ஏழு இடத்தில் 'பயமாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். 'சந்தோஷம்' என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போனதைச் சொல்லும்போது. உங்கள் கேள்விகளை விட இந்தக் கணக்குதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

நான் குடும்ப நல ஆலோசகர், போதகர் அல்ல. ஆனால் உங்களைப் போலவே ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்து வளர்ந்தவள். மனதைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் என் தொழில் கற்றுத்தந்ததைச் சொல்கிறேன். வேதத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில், உங்களோடு உட்கார்ந்து அதே புத்தகத்தைப் படிக்கும் ஒருத்தியாகச் சொல்கிறேன். நீங்களும் திறந்து சரிபாருங்கள்.

முதலில் ஒன்று. உங்கள் மகள் சொன்னதைக் கேட்டு இரண்டு நாள் அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அவள் உங்களை 'மாயக்காரி' என்று சொன்னதாக எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெளியில் ஒரு முகமும் வீட்டில் ஒரு முகமுமாக நடிக்கிறவர்கள் இப்படிப் பதினொரு பக்கம் எழுதுவதில்லை. நீங்கள் செய்வதை உண்மையாகத்தான் செய்கிறீர்கள். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. தேவனை அப்பாவாக அல்லாமல், தப்புக் கண்டுபிடிக்க வரும் இன்ஸ்பெக்டராக நினைத்து இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள். பள்ளியில் வேலை பார்க்கிற உங்களுக்கு இது புரியும். இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் எல்லா நோட்டும் திருத்தியிருக்கும், பலகையில் எழுத்து பளிச்சென்று இருக்கும். ஆனால் அன்றைக்கு எந்த ஆசிரியராவது பிள்ளைகளோடு சிரித்துப் பேசியதுண்டா?

கெட்ட குமாரன் கதையை நாம் எப்போதும், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளையவனுக்காகவே படிக்கிறோம். லூக்கா 15-இல் மூத்தவன் என்ன சொல்கிறான் என்று பாருங்கள். 'இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்' எனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கவில்லையே என்கிறான். அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சொந்த வீட்டில் கூலிக்காரனைப் போல வாழ்ந்திருக்கிறான். தகப்பன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. வெளியே வந்து, 'மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது' என்கிறார். உங்கள் நான்கு மணி ஜெபத்தில் ஒரு வாரம் இந்த ஒரு வசனத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வேறு விண்ணப்பம் வேண்டாம்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் இந்த வழியில்தான் வந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்களோடு சேர்ந்து புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தார், சிறைக் கைதிகளைப் போய்ப் பார்த்தார், 1735-இல் மிஷனெரியாக ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். இத்தனைக்குப் பிறகும் உள்ளே பயம் போகவில்லை. 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சின்னக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் மனம் இளகியது. அதற்கு முந்தைய தன் வாழ்க்கையைப் பற்றிப் பல வருடம் கழித்து அவர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. அப்போதும் எனக்கு விசுவாசம் இருந்தது, ஆனால் அது ஊழியக்காரனின் விசுவாசம், மகனின் விசுவாசம் அல்ல என்ற பொருளில் எழுதினார். பழைய வருடங்களை அவர் வீண் என்று தள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்களுடைய 22 வருடமும் வீண் இல்லை.

நம் மண்ணுக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனெரி சீகன்பால்கு, ஜெர்மனியில் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்திலிருந்து வந்தவர். கோட்பாடு சரியாக இருக்கிறது, ஆராதனை முறைப்படி நடக்கிறது, உயிரை மட்டும் காணோமே என்ற ஏக்கத்தில் பிறந்த இயக்கம் அது. ஹாலேயில் அவர்கள் செய்த பெரிய காரியங்களில் ஒன்று, அநாதைப் பிள்ளைகளுக்கு வீடும் பள்ளியும் கட்டியது. பக்தி உண்மையா என்பதை அவர்கள் பார்த்த இடம் அது.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

மல்கியா சொன்ன சாபம்

தசமபாகம் கொடுக்காதவர்கள்மேல் சாபம் என்று பேசும் 'மனுஷன் தேவனை வஞ்சிக்கலாமா?' என்ற வசனத்தை, தீர்க்கதரிசி மல்கியாவின் புத்தகம் 3-ஆம் அதிகாரத்திலிருந்து மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். அந்த வசனம் எட்டாவது. மூன்று வசனம் முன்னால் போய் ஐந்தாவதைப் படியுங்கள். கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் சாட்சியாக நிற்பார் என்று அங்கே இருக்கிறது. அதே அதிகாரம், அதே கோபம். நம் காணிக்கைப் பிரசங்கங்களில் எட்டாம் வசனம் வருகிற அளவுக்கு ஐந்தாம் வசனம் வருவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

அப்புறம், தசமபாகம் யாருக்குப் போனது? உபாகமம் 14-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். மூன்றாம் வருடத் தசமபாகத்தை ஊர் வாசலிலேயே வைக்க வேண்டும். ஆலய ஊழியம் செய்யும் லேவியனும், பரதேசியும் (வேற்று நாட்டிலிருந்து வந்தவனும்), திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். உங்கள் அம்மா விதவை. சட்டப்படியே பார்த்தாலும் அந்தப் பந்தியில் அவருக்கு இலை உண்டு.

இதைவிட நேராகப் பேசுகிற பகுதி மாற்கு 7. அந்தக் காலத்தில் ஒருவன் தன் பொருளைக் 'கொர்பான்' என்று சொல்லிவிட்டால் அது தேவனுக்கு நேர்ந்த காணிக்கை ஆகிவிடும். அதைக் காரணம் காட்டித் தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டிய உதவியைச் செய்யாமல் விட்டார்கள், அதைச் சரி என்று போதிக்கவும் செய்தார்கள். சட்டத்தை நுணுக்கமாகக் கடைப்பிடித்த பரிசேயர் என்ற யூதப் பிரிவினரிடம் இயேசு அங்கே மிகக் கடுமையாகப் பேசுகிறார். உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்கிறார். சகோதரி, இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை. தங்கைக்குப் போனில் நீங்கள் சொன்ன பதிலும் இதுவும் ஒன்றாக இருப்பதை நீங்களே பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன். உங்களுக்கு யாரும் இதைச் சுட்டிக்காட்டவில்லை. மகள் மட்டும்தான், அவளுக்குத் தெரிந்த வார்த்தையில் சொன்னாள்.

இதற்காக, தசமபாகமே தப்பு என்றோ பரிசேயர் எல்லாரும் பொல்லாதவர்கள் என்றோ முடிவுகட்டிவிடாதீர்கள். பரிசேயர் வேதத்தை உயிராக நேசித்த மனிதர்கள். ஒற்தலாம் என்ற புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் கூடப் பத்தில் ஒன்று எடுத்து வைத்தார்கள். இயேசு அதைப் பழிக்கவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே, இவைகளையும் செய்ய வேண்டும், அவைகளையும் விடக்கூடாது என்றார். தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு என்று அவர் சுருக்கிச் சொன்ன இரண்டு கட்டளைகளும் உபாகமத்திலும் லேவியராகமத்திலும் இருப்பவைதான். ஆகவே சட்டத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சட்டம் எதற்காக வந்ததோ அதை விட்டுவிடாதீர்கள் என்கிறேன்.

சாபத்தைப் பற்றிய பயத்துக்குக் கலாத்தியர் 3:13 போதும். அந்தச் சாபத்திலிருந்து கிறிஸ்து நம்மை மீட்டுக்கொண்டார் என்று நம்புகிறோமா இல்லையா? நம்பினால், மாதா மாதம் 3,200 ரூபாய் கட்டிச் சாபத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

பணத்தை என்ன செய்யலாம்

மூன்று வழி தெரிகிறது. ஒன்று, தசமபாகத்தை அப்படியே சபைக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்கு வேறு எங்காவது தேடுவது. மகளின் கல்லூரிக் கட்டணம், நகைக் கடன் வட்டி எல்லாம் போக ஒன்றும் மிஞ்சாது என்று நீங்களே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். கடன் வாங்கிக் கொடுக்க வேண்டி வரும். வேண்டாம். இரண்டு, இரண்டையும் பாதிப் பாதி. கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் 1,600 ரூபாயில் தங்கையின் சுமை குறையாது. மூன்று, அம்மா எழுந்து நடக்கும் வரைக்கும் அல்லது அவருடைய தேவை முடியும் வரைக்கும் அந்த 3,000-ஐ அம்மாவுக்குக் கொடுப்பது, சபைக்கு மனதார முடிந்ததைக் கொடுப்பது. நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். 'விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல' கொடுக்க வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இதற்கும் பொருந்தும்.

இதில் சங்கடமும் உண்டு. காணிக்கை குறைந்ததைச் சபையில் யாராவது கவனிப்பார்கள், பேசுவார்கள். யாரோ சொல்லிப் பாஸ்டர் தெரிந்துகொள்வதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்கும் குரலில் வேண்டாம். "அம்மா படுத்திருக்காங்க பாஸ்டர், இனிமே இந்தப் பணம் அவங்களுக்குப் போகும், ஜெபிச்சுக்கோங்க" என்று சொன்னால் போதும். நல்ல மேய்ப்பராக இருந்தால் சந்தோஷப்படுவார், ஒருவேளை அம்மாவைப் பார்க்கவும் வருவார். அவர் சாபத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால், 1 தீமோத்தேயு 5:8-ஐ மரியாதையாக அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். தன் வீட்டாரை விசாரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று அங்கே இருக்கிறது.

'கட்டிக்கொடுத்த மகளுக்கு அம்மா பொறுப்பு இல்லை' என்று உங்கள் மாமியார் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே கடமைதான். கல்யாணம் ஆகிவிட்டதால் மகளுக்குக் கடமை போய்விடாது. தன் வருமானத்தில் வாழ முடியாத அம்மா, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்டு மனுக் கொடுக்கலாம். உங்கள் தங்கை இதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. 3,000 ரூபாயைக் கெஞ்சித்தான் கேட்டிருக்கிறார்.

தங்கையின் வீடு

உங்கள் கடிதத்தில் தசமபாகத்துக்கு நான்கு பக்கம். தங்கையின் கல்யாணத்துக்கு மூன்று வரி. 'அவள் குடும்பப் பெயரைக் கெடுத்துவிட்டாள்' என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். நான் அதைத் தாண்டிப் போக முடியாது.

தங்கை எந்தக் கட்டளையை மீறினார்? விசுவாசியைத்தான் கல்யாணம் செய்தார். இன்னொரு சாதியில் கல்யாணம் செய்யக் கூடாது என்று உங்கள் கையிலிருக்கும் வேதத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லை. யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்றுதான் இருக்கிறது. தோடு போடக் கூடாது, சினிமா பார்க்கக் கூடாது என்று அத்தனை விஷயத்தில் உலகத்தை விட்டு விலகின நம் சபைகள், வரன் பார்க்கும்போது மட்டும் உலகத்தை அப்படியே உள்ளே கூட்டிவருகின்றன. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தைக்கூடப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எத்தனை உபவாசம் இருந்தும் நம்மால் இதை அசைக்க முடியவில்லை என்பதை நினைத்தால் எனக்கு மனம் வெந்துபோகிறது.

அந்தியோகியாவில் இயேசுவின் சீஷர் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு எழுந்துவிட்டார். பவுல் அவரை முகத்துக்கு நேராக எதிர்த்தார். கலாத்தியர் 2-இல் இருக்கிறது. பேதுருவே சறுக்கிய இடம் அது. நீங்களும் நானும் சறுக்கியதில் ஆச்சரியம் இல்லை, ஆனால் அங்கேயே இருந்துவிடக் கூடாது.

'அபாத்திரமாய்' என்ற ஒரு சொல்

தங்கை மேல் கோபம் இருப்பதால் இரண்டு வருடமாகத் திருவிருந்தில் கை நீட்டுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். 'அபாத்திரமாய்', அதாவது தகுதியில்லாத விதமாய், அப்பம் புசித்தால் ஆக்கினைத் தண்டனை வரும் என்ற வசனம் உங்களை வாட்டுகிறது. 1 கொரிந்தியர் 11-ஐ இருபதாம் வசனத்திலிருந்து படியுங்கள். கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் கண்டித்தது அதைத்தான். பாவமே இல்லாதவர்கள்தான் பந்திக்கு வர வேண்டும் என்பதல்ல அதன் பொருள், அப்படியென்றால் யாரும் வர முடியாது. கூட இருக்கும் சகோதரனை ஒதுக்கிவிட்டுப் பந்தியில் உட்காருவதுதான் அங்கே குற்றம்.

அப்படிப் பார்த்தால் உங்கள் மனச்சாட்சி சரியான இடத்தைத்தான் தொட்டிருக்கிறது. ஆனால் மருந்து வேறு. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் ஒப்புரவாகு என்பதுதான் இயேசு சொன்னது. வைத்துவிட்டு இரண்டு வருடம் அங்கேயே நின்று அழு என்று அவர் சொல்லவில்லை.

உடம்பும் மனமும்

இந்த இடத்தில் என் தொழில் சார்ந்து இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை முழுக்கத் தண்ணீர்கூட இல்லாமல் இருக்கிறீர்கள். போன மாதம் ஜெபக் கூட்டத்தில் மயங்கி விழுந்ததை 'சத்துருவின் போராட்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். சில மாத்திரைகள் சாப்பாடு இல்லாத நேரத்தில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். ரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் அந்த நிமிடமே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும், உபவாசம் முறிந்தாலும் பரவாயில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன் உங்கள் மருத்துவரிடம் உபவாசத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சொல்லும் வரை சாப்பிட்டுவிட்டு ஜெபியுங்கள். ஓய்வுநாளே மனுஷனுக்காகத்தான் உண்டாக்கப்பட்டது என்றால், உபவாச நாளும் அப்படித்தான்.

இரண்டாவது. ஜெபத்தில் ஒரு வார்த்தை தவறினால் முதலிலிருந்து தொடங்குவதாகவும், சில நாள் ஒரே ஜெபத்தை ஆறேழு தடவை சொல்வதாகவும், பள்ளிக்குத் தாமதமாவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாவ அறிக்கை செய்து முடித்த உடனே 'ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம்' என்று தோன்றுகிறது. இது பக்திக் குறைவும் அல்ல, பக்தி மிகுதியும் அல்ல. எண்ணம் சுழன்று சுழன்று ஒரே இடத்துக்கு வரும் ஓசிடி என்ற மனநல நிலை, பக்தியுள்ளவர்களிடம் இந்த உருவத்தில் வருவதுண்டு. சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தவர். கேட்டுக்கொண்டிருந்த மூத்த குருவே சலித்துப்போனார். உங்களுக்கு இருப்பது ஓசிடிதானா என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மனநல மருத்துவர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படி இருந்தால் நல்ல சிகிச்சை இருக்கிறது, பேச்சு வழிச் சிகிச்சையாகவும் மருந்தாகவும். முதலில் போனில் பேசிப் பார்க்க நினைத்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சிகிச்சை எடுத்தால் விசுவாசம் இல்லை என்று அர்த்தமாகுமோ என்று தயங்க வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறீர்கள் அல்லவா?

மகளின் தோடு

அவளுக்கு 19 வயது. சட்டப்படி வயது வந்தவள். கட்டாயப்படுத்தித் தோட்டைக் கழற்ற வைக்கலாம், அவள் விடுதிக்குப் போனதும் திரும்பப் போட்டுக்கொள்வாள். அதோடு உங்களிடம் மறைக்கவும் பழகிக்கொள்வாள். தோட்டை விட அதுதான் எனக்குப் பயம்.

1 பேதுரு 3-ஐக் காட்டியிருக்கிறீர்கள். அந்த வசனத்தில் பொன்னாபரணத்துக்கு முன்னால் மயிரைப் பின்னுவதும், பின்னால் உயர்ந்த வஸ்திரமும் வருகின்றன. சடை பின்னாத சகோதரியை உங்கள் சபையில் பார்த்திருக்கிறீர்களா? கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை கட்டாதவர் எத்தனை பேர்? ரெபெக்காளுக்குப் பொன் காதணியும் கடகமும் கொடுத்தது ஆபிரகாமின் ஊழியக்காரன்தான். பேதுரு சொல்ல வந்தது, உன் அழகு அங்கே இல்லை, இருதயத்தில் மறைந்திருக்கும் சாந்தத்தில் இருக்கிறது என்பதை.

அதே நேரம், நீங்கள் தோட்டைக் கழற்றியதை நான் குறைத்துப் பேசமாட்டேன். பவுன் கணக்கை வைத்து மனிதர்களை எடைபோடும் ஊரில், வெறுங்காதோடு நிற்கும் பெண்கள் நிறைந்த ஒரு சபையில் ஏழைப் பெண் கூச்சமில்லாமல் உட்கார முடிந்தது. அதில் பெரிய சுவிசேஷம் இருந்தது. உங்களுக்கு அது அர்ப்பணிப்பு. மகளுக்கு அதைக் கட்டளையாகக் கொடுத்தால் அர்ப்பணிப்பாகாது, அவளே ஒருநாள் தேர்ந்தெடுத்தால்தான் ஆகும்.

அவள் 'கடவுள் இல்லை' என்று சொல்லவில்லை. பாட்டியைப் பார்க்காத ஜெபம் எதற்கு என்றுதான் கேட்டாள். தீர்க்கதரிசிகள் ஆமோசும் ஏசாயாவும் இதைத்தான் கேட்டார்கள். அவள் விசுவாசத்தை விட்டுப் போய்விட்டாள் என்று உபவாச ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லி அழுவதை நிறுத்துங்கள். "நீ கேட்டது சரி, நான் யோசிச்சேன்" என்று அவளிடம் ஒரு தடவை சொல்லுங்கள். சபைக்கு வருவதைப் பற்றி அந்தப் பேச்சில் ஒன்றும் எடுக்க வேண்டாம். சொன்னதற்குக் கூலியாக எதையாவது கேட்டால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும்.

அம்மாவைப் பார்க்கப் போவது

எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதிலைப் படித்துவிட்டு, மாதம் 1-ஆம் தேதி காலையில் தங்கையின் நம்பருக்கு 3,000 ரூபாயை ஜி-பேயில் அனுப்பிவிட்டு, டைரியில் டிக் அடித்துக்கொள்வீர்களோ என்று. அப்படிச் செய்தால் பழைய தசமபாகத்தின் இடத்தில் புதிய தசமபாகம் வந்து உட்காரும், அவ்வளவுதான். பணத்துக்கு முன் நீங்கள் போக வேண்டும்.

முதல் தடவை கையில் பைபிளும் எண்ணெய் பாட்டிலுமாகப் போகாதீர்கள். ஜெபிக்க வந்த ஆளாக இல்லாமல் மகளாகப் போங்கள். அம்மாவுக்குப் பிடித்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும், அதைச் செய்து எடுத்துப் போங்கள். தலை சீவிவிடுங்கள், கால் பிடித்துவிடுங்கள். படுக்கையில் இருப்பவரை எப்படிப் புரட்டுவது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்ப்பது என்று தங்கையிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். கேட்பதே அவருக்குப் பாதி மன்னிப்பு மாதிரி இருக்கும். ஒன்பது வருடத்துக்கு விளக்கம் சொல்ல முயல வேண்டாம். "தப்புப் பண்ணிட்டேன்" என்பது போதும். தங்கை அன்றைக்கே கட்டிப்பிடிக்காமலும் இருக்கலாம், கோபத்தில் நாலு வார்த்தை பேசவும் செய்யலாம். அதற்கு அவருக்கு உரிமை இருக்கிறது. அடுத்த வாரமும் போங்கள். மகள் கூட வருகிறேன் என்றால் கூட்டிப்போங்கள், தோட்டோடு.

வெள்ளிக்கிழமை போக வேண்டாம். உபவாசம் என்று சொல்லிச் சாப்பிடாமல் வந்துவிடுவீர்கள். சனிக்கிழமை மத்தியானம் போங்கள். தங்கை சோறு போட்டால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். தங்கையின் கணவரையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.